சஸ்பென்ஷன் சத்தமும் பார்ட் மாற்றும் பரிகாரமும்

ஜாதகக் கட்டத்தைப் பார்க்காமலேயே பரிகாரம் சொல்லும் ஜோசியருக்கு யாரும் தட்சணை வைப்பதில்லை. ஆனால் காருக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், "லிங்க் ராடு போயிருக்கும், மாத்திடுங்க சார்" என்று சொல்பவரின் வாக்கை ஊரே நம்புகிறது. நம்பிப் பணத்தையும் எடுத்து வைக்கிறது.

காட்சி வழக்கமானதுதான். ஒருவர் தன் பழைய காரின் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும், கூடவே லோயர் ஆர்ம் இரண்டையும் தானே மாற்றுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை களத்தில் இறங்குகிறார். பார்ட்ஸ் எல்லாம் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கியவை. ஸ்பிரிங் கம்ப்ரஸர் சிநேகிதரிடம் இரவல். இருட்டுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கையெல்லாம் கிரீஸ், மனசெல்லாம் பெருமை. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தால்... பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'டொக்'. போதாததற்கு வண்டி இடதுபக்கம் இழுக்கிறது. காலையில் இந்த இரண்டு வியாதியும் கிடையாது.

இனிமேல்தான் கூத்து. ஒருவர் "பார்ட் டூப்ளிகேட்டா இருக்கும்" என்கிறார். இன்னொருவர் லிங்க் ராடு என்கிறார். மூன்றாமவர், ஸ்டியரிங் ராக்கே போய்விட்டது என்று வயிற்றில் புளியைக் கரைக்கிறார். நாலாமவர், "அலைன்மெண்ட் பண்ணிடுங்க, எல்லாம் சரியாயிடும்." பாவம், அந்த மனுஷர் ஒவ்வொன்றாகச் செய்கிறார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பர்ஸ் இளைத்திருக்கிறது, 'டொக்' மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த நாலு பேரில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "எதையெல்லாம் கழற்றினீங்க?"

காலையில் இல்லாத சத்தம் சாயந்திரம் வந்திருக்கிறது. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று. ஒரு மனிதர் ஸ்பேனரோடு அங்கே கை வைத்தார். சந்தேகம் முதலில் அந்தக் கை பட்ட இடங்களின் மேல்தானே போகவேண்டும்? யாரும் தொடாத ஸ்டியரிங் ராக், அதே ஞாயிற்றுக்கிழமை பார்த்து உயிரை விடுவதற்கு என்ன அவசியம் வந்தது?

ஒரு பக்கத்துக்கு எண்ணிப் பார்க்கலாம். சக்கர நட்டுகள், ஷாக் அப்சார்பரை நக்கிளோடு பிணைக்கும் இரண்டு போல்ட்கள், மேலே பானெட்டுக்குள் தெரியும் நட்டுகள், லிங்க் ராடு நட்டு, லோயர் ஆர்ம் போல்ட்கள், பால் ஜாயிண்ட் போல்ட், பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கும் பிராக்கெட். இரண்டு பக்கமும் சேர்த்தால் இருபதைத் தாண்டும். அத்தனையையும் டார்க் ரென்ச் வைத்து இன்னொரு தடவை பார்க்க ஒரு மணி நேரம் ஆகுமா? செலவு பூஜ்யம். இதைச் செய்யாமல் நேரே பார்ட்ஸ் கடைக்கு ஓடுவதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை, வேண்டுதல்!

இதில் நிறையப் பேர் கோட்டைவிடும் இடம் லோயர் ஆர்ம் புஷ். உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே இன்னொன்று, நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்டை இறுக்கினால் உள்குழாய் அசையாமல் பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு ஆர்ம் மேலும் கீழும் போகும்போது அங்கே எதுவும் சுழல்வதில்லை. ரப்பர் முறுக்கிக்கொண்டு, திரும்ப நிமிர்கிறது, அவ்வளவே. இப்போது ஜாக்கியில் தூக்கிய வண்டியை நினைத்துப் பாருங்கள். சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது, ஆர்ம் கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறது. அந்த நிலையிலேயே போல்டை முழுசாக இறுக்கிவிட்டால், ரப்பர் அந்தச் சரிவையே தன் இயல்பான இருப்பாக எடுத்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும், சும்மா நிற்கும்போதே அது பாதி முறுக்கில் இருக்கும். பள்ளத்தில் விழும்போது இன்னும் முறுக்கும். கிறீச் சத்தம், விறைப்பான ஓட்டம், கொஞ்ச காலத்தில் கிழிந்த புஷ். பழி மட்டும் "டூப்ளிகேட்" மேல். (இப்படி இறுக்கினால் கம்பெனி பார்ட்டும் கிழியத்தான் செய்யும்.)

போல்டை முதலில் லேசாகப் பிடித்துவிட்டு, வண்டியின் பாரம் முழுவதும் சக்கரங்களில் இறங்கிய பிறகு இறுக்கவேண்டும். குழியோ சாய்தளமோ இருந்தால் வேலை சுலபம். ஏற்கெனவே தப்பாக இறுக்கியவர் அதே நிலையில் தளர்த்தி, பானெட்டை நாலு தடவை அமுக்கிவிட்டு மறுபடி இறுக்கலாம்.

அடுத்து ஷாக் அப்சார்பரின் உச்சி. மாருதி 800, சாண்ட்ரோ, இண்டிகா, ஸ்விஃப்ட் என்று பெயர்கள்தான் வேறு, முன்பக்கம் எல்லாவற்றுக்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். அமெரிக்க எஞ்சினியர் ஏர்ல் மெக்ஃபர்சன் 1940-களில் கொடுத்த வடிவம். இதில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஸ்பிரிங்கும் சேர்ந்து திரும்பும், அதற்காக மேலே ஒரு பேரிங். அந்தப் பேரிங் தலைகீழாகவோ கோணலாகவோ உட்கார்ந்தால், ஸ்பிரிங் முறுக்கேறிச் சட்டென்று விடுபடும், 'டங்' என்று. ஸ்பிரிங்கின் கீழ்முனை அதற்கான படியில் உட்காராவிட்டாலும் இதே கதை. வண்டியை நிறுத்தி ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, இன்னொருவர் உச்சியில் உள்ளங்கையை வைத்தாலே அந்த அதிர்வு தெரியும்.

இழுப்புக்கும் பெரிய மர்மம் கிடையாது. நக்கிளில் போகும் அந்த இரண்டு போல்ட்களின் துளையில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். கழற்றும் முன் அடையாளக் கோடு போடாதவர் திரும்ப மாட்டும்போது சக்கரத்தின் சாய்வு இடத்துக்கு ஒரு மாதிரி, வலத்துக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். கழற்றிய டயர்களை இடம் மாற்றி மாட்டியிருந்தாலும் வண்டி இழுக்கலாம். ஆகவே அலைன்மெண்ட் தேவைதான், நாலாமவர் சொன்னது தப்பில்லை. ஆனால் எல்லா போல்ட்களையும் சரிபார்த்து இறுக்கிய பிறகு! தளர்ந்த புஷ்ஷோடு செய்த அலைன்மெண்ட், அடுத்த ஸ்பீடு பிரேக்கரில் கலைந்துவிடும்.

சத்தத்துக்குக் காது கொடுப்பதும் ஒரு வேலை. இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது சத்தம் இல்லாமல், ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது 'டொக்' வந்தால், விசாரணை லிங்க் ராடு பக்கம் போகலாம். காரணம், ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுவது அப்போதுதான். பிரேக்கை லேசாக மிதித்ததும் சத்தம் அடங்கினால் காலிப்பரையும் பேடையும் பார்க்கவேண்டும். தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினால் நின்றுவிடுகிறதா? நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். இதற்கெல்லாம் ஸ்கேனரும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகும் வீரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஸ்டாண்டு வாங்குங்கள், ஸ்டியரிங் ராக்கைவிட விலை குறைவு.)

நியாயமாகச் சொன்னால், கை படாத இடமும் சில சமயம் குற்றவாளியாகும். செத்துப்போன பழைய ஷாக் அப்சார்பர் எதையும் அழுத்திப் பிடிக்காது. புதுசு விறைப்பாக வேலை செய்யும்போது, மாற்றாமல் விட்ட பழைய மவுண்ட் அந்த அடியைத் தாங்காமல் முனகும். அப்போது மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது தொட்டதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு வருகிற முடிவு.

இது வெறும் பணத்தைப் பற்றிய சண்டை என்றால்கூட விட்டுவிடலாம். பல கார்களில் பால் ஜாயிண்டின் தண்டு நக்கிளுக்குள் ஏறி உட்காரும். தண்டில் ஒரு வெட்டு, அதன் வழியாகக் குறுக்கே ஒரு போல்ட். அந்த ஒரு போல்ட் தளர்ந்து கழன்றால் தண்டு நழுவலாம், சக்கரம் மடங்கலாம். அன்று வந்த 'டொக்' அதுவாக இருந்திருந்தால்? அந்த மனுஷர் ஒரு மாதம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டினாரே! நாலு பரிகாரம் சொன்னவர்களில் யாராவது "இதைப் பார்க்கும்வரை வண்டியை எடுக்காதீங்க" என்று சொன்னார்களா?

"இதுக்குத்தான் தெரியாத வேலையில கை வைக்கக் கூடாது, சர்வீஸ் சென்டர்ல விடணும்" என்று கிளம்பும் கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கத் தொங்க ஏர் கன்னால் புஷ் போல்டை இறுக்கிவிடும் ஒர்க்‌ஷாப்களும் இருக்கின்றன. அங்கே பில்லும் உண்டு, கிறீச்சும் உண்டு. வீட்டில் செய்தவருக்கு எந்த போல்டைத் தொட்டோம் என்பதாவது நினைவிருக்கும்.

கடைசியில் அந்த 'டொக்' என்னவாம்? லிங்க் ராடு நட்டுதான்! நட்டை இறுக்கும்போது உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்து சுற்றும். அதை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டுதான் இறுக்கவேண்டும். அவர் பிடிக்கவில்லை. ஸ்பேனரில் இறுகியது போலிருந்தது, இறுகவில்லை. பரிகாரம் கேட்டுப் புது லிங்க் ராடு வாங்கியபோதும் அதே மாதிரிதான் மாட்டினார், ஆகவே அதே சத்தம். குற்றமே செய்யாத பழைய லிங்க் ராடுகள் இரண்டும், துணியில் சுற்றியபடி டிக்கியில் கிடந்தன.