சுவரில் இருக்கும் வில்லங்கம்

திருவனந்தபுரத்தில் பழைய வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றிதழுக்காகப் பலமுறை அலைகிறார்கள். சுவரில் இருக்கும் வில்லங்கத்தைப் பார்க்க மட்டும் யாரையும் அழைப்பதில்லை. இங்கே ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று. புதிதாக வெள்ளையடித்த சுவர் அதுவரை வாய் திறக்காது.

2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு பெற்ற திட்டத்தின் புது அடுக்ககத்தில் 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளில் கட்டியவரே செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும். பழைய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பரிசோதகரை அழைப்பது நல்லது.

யாரை அழைப்பது? அமெரிக்காவில் பல மாநிலங்கள் இந்தத் தொழிலுக்கு உரிமம் கேட்கின்றன. நம் நாட்டில் அப்படித் தனி உரிமம் இல்லை. ஆகவே அனுபவமுள்ள சிவில் எஞ்சினியராகப் பாருங்கள். தரகர் அழைத்து வருபவர் வேண்டாம். மொட்டைமாடிக் கசிவு, கூரைக் கம்பியின் துரு, மின் எர்த் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கிணற்றுக்கும் செப்டிக் டாங்குக்கும் உள்ள தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். கேரளத்தின் 1999 கட்டட விதிகள் கேட்டது 7.5 மீட்டர். அறிக்கையைப் படங்களோடு எழுத்தில் வாங்குங்கள். விலை பேசும்போது உங்களைவிட அந்தத் தாள் நன்றாகப் பேசும்.