டெஸ்க்டாப் மேம்பாடும் திரையில் மறையும் தமிழும்

எங்கள் வீட்டுக் கணினியின் பட்டியல்கள் தமிழில் உள்ளன. சுரங்கத் தொழிலாளியாக இருந்து, 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலையிழந்த என் தந்தைக்குத் தமிழன்றி வேறு எழுத்து வாசிக்க வராது. மைசூர் மைன்ஸில் இது விந்தையன்று. ஆகவே, லினக்ஸில் டெஸ்க்டாப் சூழலைப் புதிய பதிப்புக்கு மாற்றலாமா என்று மாணவர்கள் கேட்கும்போது, வேகத்தையும் அழகையும் மட்டும் கருதி விடை சொல்ல என்னால் இயலுவதில்லை.

புதுமை எங்கள் ஊருக்கு அந்நியமன்று. சிவசமுத்திரத்திலிருந்து 1902இலேயே இங்கு மின்சாரம் வந்தது, பெங்களூருக்கும் முன்னதாக. ஆனால் அது சுரங்க எந்திரங்களுக்காக வந்தது. புதியது யாருக்காக வருகிறது என்று கேட்கும் பழக்கம் அதனால் ஏற்பட்டதோ என்னவோ!

மாற்றவே கூடாது என்பதல்ல என் கருத்து. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பதிப்பில் ஆய்வேட்டை வைத்திருப்பது அறிவுடைமை ஆகாது. 2024 பிப்ரவரியில் வெளிவந்த கேடீஈ பிளாஸ்மா 6, பழைய எக்ஸ்11க்குப் பதிலாக வேலண்டை இயல்பிருப்பாக்கியது. ஒரு செயலியில் தட்டச்சிடுவதை மற்றொன்று ஒட்டுக்கேட்க இயலாதவாறு அது தடுக்கிறது, வரவேற்கத்தக்கதே. ஆயினும் அங்கு ஐபஸ் வழியாகத் தமிழ்99 தட்டச்சிடுவோர், மெய்நிகர் விசைப்பலகை அமைப்புக்குள் சென்று ஐபஸ் வேலண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை அறியாதவர், தமிழே பழுதாகிவிட்டதென்று எண்ணக்கூடும்.

இதனினும் நுட்பமானது மொழிபெயர்ப்பின் இழப்பு. மென்பொருளின் ஒவ்வோர் ஆங்கிலத் தொடருக்கும் இணையான தமிழ்த் தொடர் ஒரு கோப்பில் இருக்கும். புதிய பதிப்பில் ஆங்கில மூலத்தில் ஒரு சொல் மாறினாலும், பழைய தமிழ்த் தொடர் ஐயத்திற்குரியதாகக் குறிக்கப்படுகிறது. ஒருவர் சரிபார்க்கும்வரை திரையில் தோன்றுவது ஆங்கிலமே. தமிழை எவரும் நீக்குவதில்லை. பதிப்புக்குப் பதிப்பு, வரிவரியாக அது உதிர்கிறது. 2000களின் தொடக்கத்திலேயே தன்னார்வலர்கள் கேடீஈயைத் தமிழில் இயங்கச் செய்தனர். அவ்வுழைப்பை அடுத்த தலைமுறை தொடர்ந்து புதுப்பிக்காவிடில், ஒவ்வொரு மேம்பாடும் அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும்.

க்னோம் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், வெளியாகிறது. வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்னதாக ஆங்கிலத் தொடர்களை மாற்றுவதை நிறுத்திவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பாளருக்கென்றே ஒதுக்கப்பட்ட காலம் அது. கணினித்தமிழைப் பாடத்தாளாக வைத்திருக்கும் துறைகள் இவ்வாரங்களைத் தம் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாகாதா? ஒரு மாணவருக்கு ஒரு செயலி. அதிலுள்ள ஐயத் தொடர்களைத் திருத்துவதே அவருடைய பருவத்தேர்வு ஒப்படைப்பு. படித்து மறக்கும் கட்டுரையினும் இது மேல் என்பேன்.

துறை ஆய்வகக் கணினிகளுக்கு நெடுங்கால ஆதரவுப் பதிப்பே போதும். அதையும் மாற்றுமுன் புதிய பதிப்பைப் பென்டிரைவிலிருந்து இயக்கி, மொழியைத் தமிழாக்கி, உலாவியிலும் லிபர்ஆபிஸிலும் ஒரு பத்தி தட்டச்சிட்டுப் பாருங்கள். ஆங்கிலமாகிப்போன பட்டியல்களைக் குறித்து, அந்தந்தத் திட்டத்தின் தமிழ்க் குழுவுக்கு அனுப்புங்கள்.