செல்போனில் எழுதும் பெண்களுக்குச் சங்கத்தில் இடமில்லையா?

எறையூர் சிப்காட்டுக்கு ஷிப்டு போகும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். ஜெயங்கொண்டம் பக்கம் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து சற்றே கால் நீட்டும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். செல்போனில் என்ன படிக்கிறீர்கள் என்றால், தொடர்கதை என்பார்கள். அதிலும் காதல் கதை. அக்கதைகளை எழுதுகிறவர்களில் பலரும் அவர்களைப் போன்ற பெண்களே. குழந்தையைத் தூங்கவைத்த பிறகு, வீட்டு வேலை முடிந்த பிறகு, கட்டை விரலால் செல்போனில் தட்டித் தட்டி அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறார்கள். புனைபெயரில் எழுதுகிறார்கள். கணவனுக்குக்கூடத் தெரியாமல் எழுதுகிறவர்களும் உண்டு.

இவர்கள் எழுத்தாளர்களா, இல்லையா? எழுத்தாளர் சங்கங்கள் இவர்களை உறுப்பினர்களாகச் சேர்க்க வேண்டுமா, வேண்டாமா?

"அரைவயிற்றுக் கஞ்சிக்கு அல்லாடும் நமக்கு இந்த விவகாரம் எதற்கு? காதல் கதை எழுதுகிறவர்களைப் பற்றி நமது ஏட்டில் தலையங்கமா?" என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நாம் சொல்கிறோம்: இது இலக்கிய ரசனை பற்றிய தகராறு அல்ல. இது கூலிப் பிரச்னை.

எப்படி என்று பார்ப்போம். அமேசான் என்ற அமெரிக்க ஏகபோகக் கம்பெனி 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளுக்குத் தன் கிண்டில் கடையைத் திறந்தது. யார் வேண்டுமானாலும் புத்தகத்தை ஏற்றலாம், காகிதச் செலவில்லை, அச்சுக்கூலி இல்லை என்றார்கள். உண்மைதான். ஆனால் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது தெரியுமா? மாதச் சந்தா கட்டிப் படிக்கும் வாசகர் எத்தனை பக்கம் புரட்டினாரோ, அத்தனை பக்கத்துக்கு எழுதியவருக்குக் காசு. 2015 ஜூலை முதல் இதுதான் முறை. ஒரு பக்கத்துக்கு எவ்வளவு? அது எழுதும்போது தெரியாது. வாசகர் படிக்கும்போதும் தெரியாது. மாதம் முடிந்த பிறகு கம்பெனி அறிவிக்கும், அதுதான் விலை. பேரம் கிடையாது.

பெரம்பலூர் சீமையில் பருத்தி எடுக்கப் போகும் பெண், கிலோவுக்கு என்ன கூலி என்று பேசிவிட்டுத்தான் காட்டில் இறங்குகிறாள். குறைத்துச் சொன்னால் நாலு பெண்கள் சேர்ந்து வரப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். "எடுத்துப் போடு, விலையை அடுத்த மாதம் சொல்கிறேன்" என்று எந்த மிராசுதாரராவது சொன்னால் நமது தாய்மார்கள் சும்மா விடுவார்களா? அமெரிக்கக் கம்பெனி அதைத்தான் சொல்கிறது. எழுதுகிறவர்கள் தனித்தனியாக, ஒருவரை ஒருவர் முகம் பாராமல், ஊருக்கு ஒருவராக இருப்பதால் வாய் திறக்க முடியவில்லை.

உடையார்பாளையம் நெசவாளிக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். தறி வீட்டில் இருக்கிறது. இடம் அவனுடையது, விளக்கு அவனுடையது, மனைவியும் பிள்ளைகளும் பாவு ஓட்டுகிறார்கள். ஆனால் நூல் முதலாளியுடையது, சந்தையும் முதலாளியுடையது. அவனைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ள வைக்கவே எத்தனை போராட்டம்! செல்போன் வைத்திருக்கும் பெண்ணும் அப்படித்தான். போன் அவளுடையது, கற்பனை அவளுடையது, கண் எரிச்சலும் அவளுடையது. கடை மட்டும் அவளுடையது அல்ல. புத்தகம் விற்றால் இந்தியாவில் 70 சதப் பங்கு வேண்டுமென்றால் அந்தப் புத்தகத்தை மின்வடிவில் வேறெங்கும் கொடுக்கக் கூடாது என்று நிபந்தனை. மறுத்தால் 35 சதம். ஒப்பந்தம் கம்பெனி எழுதியது. "சம்மதம்" என்று பொத்தானை அழுத்துவது மட்டுமே எழுத்தாளரின் உரிமை!

கடையை மூடினால்? 2022 பிப்ரவரியில், டாட்டாக்களிடமிருந்து தான் வாங்கிய வெஸ்ட்லாண்ட் பதிப்பகத்தை மூடப்போவதாக அமேசான் அறிவித்தது. அச்சில் புத்தகம் போட்ட பெயர்பெற்ற எழுத்தாளர்களே தங்கள் நூல்கள் என்னாகும் என்று பதறினார்கள். சீனாவில் கிண்டில் புத்தகக் கடையை 2023 ஜூன் 30ந் தேதியோடு இழுத்துப் பூட்டிவிட்டது. லாபம் இருக்கும்வரை உறவு.

பிரதிலிபி என்ற பெங்களூர் கம்பெனியும் இருக்கிறது. தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் லட்சக்கணக்கில் கதைகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதில் சீனாவின் டென்சென்ட் மூலதனம் போட்டது. 2021ல் தென்கொரியாவின் கிராஃப்டன் போட்டது. நம் கிராமத்துப் பெண் எழுதும் காதல் கதையில் பன்னாட்டு மூலதனம் லாபம் பார்க்கிறது. நம் இலக்கியவாதிகளோ அந்தப் பெண் எழுதுவது எழுத்தா என்று விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்!

அதே டென்சென்டின் கையில்தான் யுவேவென் என்ற சீன இணையக்கதைக் கம்பெனியும் இருக்கிறது. 2020 ஏப்ரல் கடைசியில் அதன் நிர்வாகம் மாறியது. எழுத்தாளர்களின் உரிமைகளை அள்ளிக்கொள்ளும் புதிய ஒப்பந்தம் பற்றிய செய்தி பரவியது. எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள்? மே 5ந் தேதி அத்தியாயம் போட மாட்டோம் என்று அறிவித்து எழுத்தை நிறுத்தினார்கள். தினமும் அத்தியாயம் போட்டுப் பிழைப்பவர்கள் ஒரு நாள் பேனாவைக் கீழே வைத்தார்கள். அடுத்த மாதமே கம்பெனி ஒப்பந்தத்தைத் திருத்தி வெளியிட்டது. எல்லாம் கிடைத்துவிடவில்லை, ஆனால் பேசவே மாட்டேன் என்றிருந்தவன் பேச வந்தான். அதற்கு முன்பே, 2010ல், சீன எழுத்தாளர் சங்கம் இணையக்கதை எழுதுவோரை உறுப்பினராகச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. செஜியாங் மாகாணத்தில் 2014ல் இணைய எழுத்தாளர்களுக்கென்றே சங்கம் அமைந்தது.

எதிர்த் திசையில் நடந்த கதையும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் காதல் நாவல் எழுதுவோருக்கென்று 1980ல் ஹூஸ்டன் நகரில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் விவியன் ஸ்டீபன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி. இலக்கியக் கனவான்கள் காதல் நாவலை ஏளனம் செய்த காலத்தில், அந்த ஏளனத்தை எதிர்த்துப் பிறந்த சங்கம் அது. அப்படிப்பட்ட சங்கமே 2009ல் என்ன செய்தது? மின்நூலாக வெளியிடும் பெண்கள் தங்களையும் சமமாக நடத்தும்படி கேட்டபோது, குறைந்தது 1,000 டாலர் முன்பணம் கொடுக்கும் பதிப்பகம்தான் எங்கள் கணக்கில் பதிப்பகம் என்றது. மின்பதிப்பகங்கள் முன்பணம் தருவதில்லை. அதற்குப் பதிலாக விற்பனையில் கூடுதல் பங்கு தருகின்றன. ஆக, எழுத்தாளரின் தகுதியை முதலாளி எந்த வகையில் பணம் கொடுக்கிறான் என்பதை வைத்து அளந்தார்கள்! பின்னால் வருமானக் கணக்கை வைத்துக் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். அதற்குள் வேறு வியாதிகளும் முற்றின. அச்சங்கத்தின் ரீட்டா பரிசு 2019 வரை ஒரு கறுப்பின எழுத்தாளருக்கும் கிடைத்ததில்லை. அந்த ஆண்டுக் கடைசியில் இனப் பாகுபாடு பற்றிப் பேசிய உறுப்பினர்மீதே நடவடிக்கை எடுக்கப் போய், சங்கம் உடைந்தது. 10,000 பேர் இருந்த இடத்தில் 2,000 பேர் மிஞ்சினார்கள். 2024 மே மாதம் திவால் மனு போட்டது.

நம் ஊருக்கு வருவோம். இங்கே விதியில் யாரும் கதவைச் சாத்தவில்லை. ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே! எழுத்தாளர் கூட்டத்துக்கு ஒரு பெண் வந்தால் முதல் கேள்வி, "உங்கள் புத்தகம் எத்தனை வந்திருக்கிறது?" என்பதுதான். புத்தகம் என்றால் அச்சுப் புத்தகம். அச்சில் இருந்தால்தான் நூலகத்துக்கு வாங்குவார்கள். புத்தகக் கண்காட்சி மேடையில் பொன்னாடை போர்த்துவார்கள். கைக்காசைக் கொடுத்து 300 பிரதி அச்சிட்டு, அதை வீட்டுப் பரணில் அடுக்கி வைத்திருப்பவர் எழுத்தாளர். ஆயிரக்கணக்கான பேர் படிக்கும் தொடர்கதையை மூன்று ஆண்டுகளாக எழுதிவரும் பெண் "பொழுதுபோக்குக்கு எழுதுகிறவர்"! இது எந்த ஊர் நியாயம்?

இந்த ஏளனம் புதிதல்ல. வை.மு.கோதைநாயகி அம்மாள் பள்ளிக்கூடம் போனதில்லை. 1925ல் ஜகன்மோகினி பத்திரிகையை ஏற்று நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். பெண்கள் அவரைப் படித்தார்கள். பண்டிதர்களும் விமர்சகர்களும் நெடுங்காலம் அவரை எழுத்தாளர் வரிசையில் சேர்க்க மனமில்லாமல் இருந்தார்கள். பிறகு வந்த மாத நாவல் எழுத்தாளர்களுக்கும் அதே மரியாதைதான். பெண்கள் எழுதிப் பெண்கள் படிப்பது என்றாலே மட்டம் என்று தீர்ப்புச் சொல்வது நிலப்பிரபுத்துவப் புத்தி. அது முற்போக்குச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாலும் நாம் ஏற்க முடியாது.

அப்படியானால் அக்கதைகளில் குற்றமே இல்லையா? நிறைய இருக்கிறது. கதாநாயகன் எப்போதும் கோடீஸ்வரன். சிமெண்ட் ஆலையில் லோடு ஏற்றும் வாலிபன் காதலிக்கவே மாட்டானா? பெண்ணை மிரட்டித் தாலி கட்டுகிறவனைக் கடைசியில் நல்லவனாக்கும் கதைகள் மலிந்து கிடக்கின்றன. சாதி என்ற சொல்லே பல கதைகளில் கிடையாது. தருமபுரி நத்தம் காலனியில் 2012 நவம்பரில் ஒரு கலப்பு மணத்தைச் சாக்கிட்டுத் தலித் மக்களின் வீடுகளைக் கொளுத்திய தமிழ்நாடு இது. நம் பெரம்பலூர், அரியலூர்ச் சேரிகளுக்கும் ஊர்த் தெருக்களுக்கும் காதல் என்பது வெறும் கதை விஷயமல்ல, உயிர் விஷயம். இதையெல்லாம் அந்தப் பெண்களிடம் சொல்ல வேண்டாமா? சொல்லத்தான் வேண்டும். வாசலுக்கு வெளியே நிற்க வைத்துக்கொண்டு சொன்னால் யார் கேட்பார்கள்? உள்ளே அழைத்து, பாயில் உட்கார வைத்து, அவர்கள் கதையைப் படித்துவிட்டுப் பேசினால் கேட்பார்கள்; திருப்பி நம்மையும் நாலு கேள்வி கேட்பார்கள். கேட்கட்டுமே.

1936ல் லக்னோவில் பிரேம்சந்த் தலைமையில் முற்போக்கு எழுத்தாளர்கள் கூடியதும், ஜீவா 1961ல் கலை இலக்கியப் பெருமன்றத்தைத் தொடங்கியதும், 1975ல் மதுரையில் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் உருவானதும் அச்சேறியவர்களின் கௌரவத்தைக் காப்பாற்றவா? மக்களிடம் போக வேண்டும் என்றுதான். மக்கள் இப்போது செல்போனில் படிக்கிறார்கள். அங்கே போக வேண்டியதுதான்.

கேரளத்துத் தோழர்கள் இன்னொரு வழியும் காட்டியிருக்கிறார்கள். 1945ல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் 120 ரூபாய் மூலதனத்தில் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தங்கள் புத்தகங்களைத் தாங்களே பிரசுரித்தார்கள். எழுத்தாளருக்கு 30 சதம் கொடுத்தார்கள். தனியார் பதிப்பாளர்கள் அன்றைக்கு அதைக் கனவிலும் கொடுத்ததில்லை. அச்சுக்கு ஒரு கூட்டுறவு நடக்குமென்றால், காகிதமே தேவையில்லாத மின்நூலுக்கு ஏன் நடக்காது?

சட்டத்திலும் ஒரு பிடி இருக்கிறது. நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை நாம் எதிர்க்கிறோம். 2025 ஜூலை 9ல் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தோம். அதை மதிக்காமல் நவம்பர் 21ல் மோடி சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதிலுள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, செயலிக் கம்பெனிகளின் பட்டியலில் "உள்ளடக்கம் மற்றும் ஊடகச் சேவை" என்பதையும் சேர்த்திருக்கிறது. அப்பட்டியலிலுள்ள கம்பெனிகள் ஆண்டு வரவில் 1 முதல் 2 சதம் வரை, தொழிலாளிக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதத்துக்கு மேற்படாமல், நல நிதிக்குச் செலுத்த வேண்டும். சொற்பம்தான். அந்தச் சொற்பத்தையும் கதை எழுதும் பெண்ணுக்காக யார் கேட்பது? தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் செயலித் தொழிலாளருக்கு நலவாரியம் அமைந்தது. சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகும் வாலிபன் தொழிலாளி என்றால், அதே போனில் கதை கொடுக்கும் பெண்ணும் தொழிலாளியே. அவளையும் வாரியத்தில் சேர்க்கக் கேட்க வேண்டும். தனியாகப் போய்க் கேட்டால் மனுவைக்கூட வாங்க மாட்டார்கள்.

பதிப்புரிமைச் சட்டம் 1957லிருந்து இருக்கிறது. உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான் செல்லும் என்கிறது அதன் 19வது பிரிவு. இது எத்தனை பெண்களுக்குத் தெரியும்? ராப்பகலாக எழுதிய நாவலை எவனோ திருடி டெலிகிராமில் இலவசமாகப் பரப்புகிறான். புகார் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்க அந்தப் பெண் அஞ்சுகிறாள். சங்கத்துத் தோழர் இருவர் கூடப் போனால் நிலைமை வேறு.

ஆகவே பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலுள்ள நமது எழுத்தாளர் அமைப்புகளைக் கேட்டுக்கொள்கிறோம். உறுப்பினர் படிவத்தில் "வெளிவந்த நூல்கள்" என்ற இடத்தில் மின்நூலையும் தொடர்கதையையும் எழுத இடம் விடுங்கள். வருமானச் சான்று கேட்காதீர்கள். புனைபெயரைப் பதிவேட்டில் எழுதுங்கள். சொந்தப் பெயர் செயலாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். சந்தாவைத் தவணையில் வாங்குங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களும் ஆலைச் சங்கத் தோழர்களும் தங்கள் வீட்டில், தெருவில் எழுதுகிற பெண்கள் இருக்கிறார்களா என்று விசாரித்து அழைத்து வாருங்கள். கூட்டத்தை மாலை 6 மணிக்கு வைக்காதீர்கள். அது உலை வைக்கும் நேரம். ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கு வையுங்கள், குழந்தைகளையும் கூட்டிவரச் சொல்லுங்கள்.