போர்க்களத்தில் இருந்து விண்வெளி ஆய்வகத்துக்கு... ராணுவ வீரர் விஞ்ஞானி ஆக முடியுமா? இந்தியாவில் வழி இருக்கா?

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 245 நாட்களைக் கழித்துவிட்டு, 2025 டிசம்பர் 9-ஆம் தேதி பூமிக்குத் திரும்பினார் நாசா விண்வெளி வீரர் ஜானி கிம். கடற்படைக் கமாண்டோ, டாக்டர், விண்வெளி வீரர் என ஒரே ஆளுக்கு மூன்று அடையாளங்கள். சோசியல் மீடியாவில் 'இவரெல்லாம் மனுஷனே இல்லை' என்கிற அளவுக்கு மீம்ஸ் பறந்தன. ஆனால் அவருடைய கதையில் திறமையைத் தாண்டி இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தியாவில் அக்னிவீரர்களின் முதல் தொகுதி பணியை முடிக்கப்போகும் நேரத்தில், அதைக் கவனிப்பது முக்கியம்.

யார் இந்த ஜானி கிம்?

தென்கொரியாவில் இருந்து குடியேறிய பெற்றோருக்கு 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, 2002-இல் அமெரிக்கக் கடற்படையில் சாதாரண வீரராகச் சேர்ந்தார். கடினமான பயிற்சியை முடித்து 'நேவி சீல்' கமாண்டோ ஆனார். 100-க்கும் மேற்பட்ட போர் நடவடிக்கைகளில் பங்கேற்று, 'சில்வர் ஸ்டார்' பதக்கமும் பெற்றார்.

ஈராக்கில் காயம்பட்டுக் கிடந்த சக வீரருக்கு இன்னும் அதிகமாகச் செய்ய முடியவில்லையே என்ற தவிப்புதான் தன்னை மருத்துவம் பக்கம் திருப்பியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு நடந்ததுதான் கதையின் முக்கியமான பகுதி. 2009-இல் கல்லூரிக்குப் போனார். 2012-இல் சான் டியாகோ பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டம். 2016-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் எம்.டி. அடுத்த ஆண்டே, விண்ணப்பித்த 18,300-க்கும் மேற்பட்டோரில் இருந்து நாசா தேர்ந்தெடுத்த 12 பேரில் ஒருவரானார்.

துப்பாக்கியைக் கீழே வைத்ததற்கும் நாசாவுக்குள் நுழைந்ததற்கும் நடுவில் ஏழு வருடப் படிப்பு இருக்கிறது. கமாண்டோவாக இருந்தார் என்பதற்காக மட்டும் நாசா அவரை எடுக்கவில்லை. நாசா விதிப்படி விண்வெளி வீரர் ஆக ராணுவ அனுபவம் கட்டாயமே இல்லை. அறிவியல், பொறியியல், கணிதம் போன்ற துறைகளில் முதுநிலைப் பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி வேண்டும். விண்வெளி நிலையத்தில் அவர் செய்த வேலையும் அப்படித்தான். ரத்த நாளங்களோடு அச்சிடப்பட்ட உயிர்த் திசுக்கள் எடையற்ற சூழலில் எப்படி நடந்துகொள்கின்றன என்பது அவர் பணியாற்றிய ஆய்வுகளில் ஒன்று.

படிக்க யார் காசு கொடுப்பார்கள்?

கிம் படைக்குள் இருந்துகொண்டே, அதிகாரியாக உயரும் திட்டத்தின் வழியாகக் கல்லூரிக்குப் போனவர். படையை விட்டு வெளியே வருபவர்களுக்கு அமெரிக்காவில் வேறொரு ஏற்பாடு இருக்கிறது. அதுதான் 'ஜி.ஐ. பில்'. இரண்டாம் உலகப் போரில் இருந்து திரும்பும் வீரர்களுக்காக 1944-இல் கொண்டுவரப்பட்ட சட்டம் இது. அதன் உதவியோடு சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனார்கள்.

2009-இல் நடைமுறைக்கு வந்த புதிய வடிவத்தின்படி, மூன்று வருடம் பணியாற்றியவருக்கு 36 மாதம் வரை படிப்பு உதவி கிடைக்கும். சொந்த மாநில அரசுப் பல்கலைக்கழகம் என்றால் முழுக் கட்டணமும் அரசே கட்டும். கூடவே வீட்டு வாடகைக்கும் புத்தகங்களுக்கும் பணம் தனி. சுருக்கமாகச் சொன்னால், குடும்பத்தை யார் பார்ப்பது என்ற கவலை இல்லாமல் வகுப்பில் உட்கார முடியும்.

இந்தியாவில் என்ன நிலை?

நம் நாட்டில் ராணுவத்தில் இருந்து விண்வெளிக்குப் போகும் வழி இருக்கிறது. ஆனால் அது ரொம்பக் குறுகலானது. 1984-இல் விண்வெளிக்குச் சென்ற ராகேஷ் சர்மா விமானப்படை விமானி. 2025-இல் சர்வதேச விண்வெளி நிலையம் சென்றுவந்த சுபான்ஷு சுக்லாவும் அப்படித்தான். ககன்யான் திட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட நால்வரும், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உட்பட, விமானப்படையின் சோதனை விமானிகள்.

முதல் பயணங்களுக்குச் சோதனை விமானிகளைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது. புதிய வாகனத்தில் கோளாறு வந்தால் நொடியில் முடிவெடுக்கப் பழகியவர்கள் அவர்கள். இங்கேயும் படிப்பு கூடவே வருகிறது. சுக்லா, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் எம்.டெக். முடித்தவர். ஆனால் இவர்கள் எல்லாரும் அதிகாரிகள். கிம் போல சிப்பாயாகச் சேர்ந்த ஒருவருக்கு வழி என்ன?

அக்னிவீரர் போடும் கணக்கு

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் முதல் தொகுதி, 2026 இறுதியில் இருந்து நான்கு வருடப் பணியை முடிக்கத் தொடங்கும். அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் படையில் நிரந்தரமாகத் தொடர முடியும். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வெளியே வருவார்கள். அதில் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடிக்கப்பட்ட பணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12-ஆம் வகுப்பு முடித்து 18 வயதில் சேர்ந்தவர் 22 வயதில் வெளியே வருகிறார். இஸ்ரோ நடத்தும் திருவனந்தபுரம் விண்வெளித் தொழில்நுட்பக் கல்லூரியில் பி.டெக். சேர ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும். ஆனால் 12-ஆம் வகுப்பை முதல்முறை எழுதிய வருடமும் அடுத்த வருடமும்தான் அந்தத் தேர்வை எழுத முடியும். ஆக, அந்தக் கதவு படையில் இருக்கும்போதே மூடிவிடும்.

சரி, வேறு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தால்? நான்கு வருடம் படித்து முடிக்கும்போது 26 வயது. இஸ்ரோவின் தொடக்கநிலை விஞ்ஞானிப் பணிக்குப் பொதுப்பிரிவில் வயது வரம்பு 28. கையில் மிஞ்சுவது இரண்டே வருடம். முன்னாள் படைவீரர்களுக்கு வயதுத் தளர்வு உண்டு. ஆனால் அக்னிவீரர்களுக்கு அந்த முன்னாள் படைவீரர் அந்தஸ்தே கிடையாது.

படைப் பயிற்சியையே பாதி மதிப்பெண்ணாக ஏற்றுக்கொண்டு பட்டம் தரும் திட்டம் இக்னோவில் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இஸ்ரோ விஞ்ஞானிப் பணிக்குப் பெரும்பாலும் கேட்பது பி.இ. அல்லது பி.டெக்.

கையில் இருக்கும் பணத்தில் படிக்கலாமே என்று கேட்கலாம். கட்டணம் கட்டிவிடலாம். நான்கு வருடம் சம்பளம் இல்லாமல் வீட்டை யார் பார்ப்பது? கடன், தங்கை கல்யாணம், ஒழுகும் கூரை என்று வரிசையில் நிற்கும் செலவுகளைத் தாண்டித்தான் கல்லூரிக் கட்டணம் வர வேண்டும்.

அப்போ என்ன செய்யலாம்?

அக்னிவீரர்களின் எதிர்காலம் பற்றிய பேச்சு இதுவரை துணை ராணுவத்திலும் காவல்துறையிலும் எத்தனை சதவீத இடஒதுக்கீடு என்பதையே சுற்றி வருகிறது. அது தேவையான பேச்சு. ஆனால் ரேடார், தகவல் தொடர்பு, ட்ரோன் என்று நான்கு வருடம் கருவிகளோடு பழகிய 22 வயது இளைஞருக்கு, சீருடை வேலை மட்டுமே அடுத்த வழியாக இருக்க வேண்டியதில்லை.

இதற்குப் புதிதாகப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பணியாற்றிய வருடங்களை நுழைவுத் தேர்வு வரம்பில் கழிப்பது, இஸ்ரோ வயதுத் தளர்வை அக்னிவீரர்களுக்கும் தருவது, படிக்கும் காலத்தில் மாத உதவித்தொகை கொடுப்பது என்ற மூன்று மாற்றங்கள் போதும். எல்லாரும் விஞ்ஞானி ஆகிவிட மாட்டார்கள். ஆனால் ஆகக்கூடிய ஒருவரை, வயது வரம்பு என்ற ஒரே காரணத்துக்காக வாசலிலேயே திருப்பி அனுப்பும் நிலை மாறும்.