கறள் தின்ற மிச்சம்

யாழ்ப்பாணத்து வளவுகளிலே, கொட்டிலின் ஓரத்திலோ மாமர நிழலிலோ, சில்லுகளிற் காற்றிறங்கி, பின்னிருக்கையிற் கோழி அடைகாக்க நிற்கும் பழைய மோட்டார் வண்டிகளை இன்றும் காணலாம். பெரும்பாலும் அது ஒஸ்ரின் ஏ40 ஆக இருக்கும். அன்றேல் மொறிஸ் மைனராக இருக்கும். பாட்டனார் வாங்கிய வண்டி. பெண்ணழைப்புக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் ஓடிய வண்டி. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன், "எவ்வளவு செலவானாலும் இதனைத் திருத்தி ஓட்டவேண்டும்" என்கிறான். பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தால் இடமாவது மிஞ்சும் என்கிறார் தகப்பனார். இருவருக்குமிடையே தீர்ப்புச் சொல்லத் தக்கது அவ்வண்டியின் அடிப்பாகமே என்பது நமது கருத்து.

ஆனால் நம்மவர் முதலிலே திறந்து பார்ப்பது இயந்திரத்தை. அதிலே கவலைக்கிடம் குறைவு. பெற்றோல் வடக்குக்கு வராது தடுக்கப்பட்டிருந்த 1990களில், இவ்வண்டிகள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயிலே ஓடியதை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். ஏ40 இன் 1200 கன சென்ரிமீற்றர் இயந்திரம் அத்தகைய கொடுமையையும் தாங்கியது. இறுகிப்போன இயந்திரத்தைக் கழற்றலாம், கடையலாம், வேறொன்றை வைக்கவும் செய்யலாம். தகடு அப்படியன்று.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். 1947இல் வெளிவந்த ஏ40 டெவனும், 1952இல் அதன் பின்வந்த சோமசெற்றும் தனியான உருக்குச் சட்டத்தின்மீது உடல் பொருத்தப்பட்டவை. உடலிலே ஓட்டை விழுந்தாலும் சட்டம் நலமாயிருப்பின் வண்டிக்கு வாழ்வுண்டு. அலெக் இசிகொனிஸ் வடிவமைத்து 1948இல் இலண்டன் காட்சியில் அறிமுகமான மொறிஸ் மைனருக்கோ அவ்வாறான தனிச் சட்டம் இல்லை. தளத்தகடும், கதவுகளின் கீழே நெடுக ஓடும் பெட்டித் தகடுகளும், அடியிலே குறுக்காகச் செல்லும் தகடும் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன. அங்கே கறள் பிடித்தால் அது தோல்நோயன்று, எலும்புநோய்.

ஆகவே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு காந்தமும் ஒரு திருப்புளியும் எடுத்துக்கொண்டு நிலத்திற் படுத்துப் பார்க்கவேண்டும். காந்தத்தை மெல்லிய துணியிலே சுற்றித் தகட்டின்மீது நகர்த்துக. அது பிடிக்காது நழுவும் இடத்தில் இரும்பு இல்லை, முன்னொருவர் அப்பிய பசையே இருக்கிறது. கால்விரிப்பைத் தூக்கித் தளத்தைத் திருப்புளியாற் குத்துக. பின் வில்லுகள் பொருந்துமிடத்தைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். சேறும் சருகும் அங்கேதான் தங்கி ஈரத்தை வைத்திருக்கும். இறுதியாக, அடித்தகடு தாங்குமெனக் கண்டால், ஜக் வைத்து ஒரு பக்கத்தை உயர்த்திக் கதவைச் சாத்திப் பார்க்கலாம். முன்பு இலகுவாகச் சாத்திய கதவு இப்போது இடிக்குமாயின் வண்டியின் நடு முதுகு வளைகிறது. விலைக்கு வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: நேற்றுப் பூசிய வர்ணத்தோடு மின்னும் வண்டியைவிட அழுக்கேறி நிற்கும் வண்டியே உண்மை பேசும்.

கடற்காற்று வீசும் பருத்தித்துறை, காரைநகர்ப் பக்கத்து வண்டிகளில் இச்சோதனையை இருமடங்கு கடுமையாகச் செய்தல் நன்று. 1995இல் வலிகாமத்து மக்கள் பெயர்ந்தபோது கைவிடப்பட்டு, ஆண்டுக்கணக்காக மழையிற் கிடந்தவைக்கும் இதுவே பொருந்தும்.

தளம் ஓரிரண்டிடத்திலே அரித்திருந்தால், வெட்டிப் புதுத்தகடு ஒட்டலாம். மைனர் 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வண்டியாதலின் அதற்குரிய தகடுகள் இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கின்றன. ஏ40க்கு அந்த வசதி அரிது. தகட்டைத் தட்டி வளைக்கத் தெரிந்த ரிங்கர் வேலைக்காரரின் கையையே நம்பவேண்டும். அவர் சொல்லும் தொகையை இரண்டாற் பெருக்கி, அதுவும் கைவசம் இருந்தாற் தொடங்குக. போட்ட பணம் விற்பனையிலே திரும்புமென எண்ணித் தொடங்குவதை நாம் ஆதரியோம். கோவிலுக்கும் கலியாண வீட்டுக்கும் அதிலே போய்வர ஆசைப்படும் ஒருவர் வீட்டில் இருந்தால் மட்டுமே இந்தச் செலவு தகும். கதவின் கீழ்த்தகடும் குறுக்குத்தகடும் வில்லிடமும் ஒருங்கே போய்விட்ட மைனரை, வேறொரு மைனருக்கு உறுப்புத் தானம் செய்யக் கொடுப்பதே முறை. மகனுக்கு வருத்தமாயிருக்கும், கைச்சில்லை அவன் எடுத்துக்கொள்ளட்டும்.

திருத்துவதென்று துணிந்தவர்கள், தகட்டிலே கைவைக்குமுன் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுக்கவேண்டும். அதிலுள்ள இலக்கங்கள் வண்டியிற் பொறித்த இலக்கங்களோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கவேண்டும். பெயர் இன்னும் காலஞ்சென்ற பாட்டனாருடையதாயின், உரித்தாளர் யாவரும் ஒருங்கே இருந்து பேசி, மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திலே உரிமையை மாற்றியபின் பட்டறைக்கு அனுப்புக. வண்டி கொட்டிலிற் கிடக்கும்வரை அதனைக் கேளாத சித்தப்பாமார், அது வர்ணம் பூசி ஒழுங்கையிலே வரும் நாளிற் கேட்பார்கள்.