எஃப் மைனர் பூசையும் நம் ஜெபவேளையும்



தவக்கால இரவு ஜெபத்தில் 1968-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு ராக் இசைத்தொகுப்பைப் பின்னணியாக ஒலிக்கவிடலாமா என்று நம் வாலிபர் சங்கத்தார் கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன். போதகர் ஐயாவுக்குக் கிட்டார் என்றாலே ஆகாது என்று அன்றுமுதல் ஒரு பேச்சு உலாவுகிறதாம். மூப்பர்கள் சிலரோ, பிசாசின் வாத்தியத்தை வாசலிலேயே தடுத்தீர்கள் என்று என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அந்தப் பேச்சையும் என்னால் ஏற்க இயலாது, இந்தப் பாராட்டையும் ஏற்க இயலாது.

அத்தொகுப்பின் பெயர் ‘மாஸ் இன் எஃப் மைனர்’. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ‘எலெக்ட்ரிக் ப்ரூன்ஸ்’ என்னும் ராக் குழுவின் பெயரில் வந்தது. எழுதி அமைத்தவர் டேவிட் ஆக்சல்ராட். கிரியே, குளோரியா, கிரேதோ, சாங்க்துஸ், பெனெதிக்துஸ், ஆக்னுஸ் தேயி எனத் திருப்பலியின் ஆறு பகுதிகளும் பழைய மொழியிலேயே பாடப்பட்டிருக்கின்றன. எல்லாம் சேர்ந்து அரைமணி நேரம்கூட இல்லை. நான் மூன்று முறை கேட்டேன். இசை அழகானது என்பதை மறைக்க எனக்கு மனமில்லை. துறவியர் மடத்து ஓதுதலைப்போல் குரல்கள் ஒன்றாய் எழ, அவற்றின் நடுவே கரகரத்த மின்கிட்டார் குறுக்கிட, அடியில் செலோக்களும் கொம்புகளும் கனத்து நிற்கின்றன. ஆக்சல்ராட் விளையாட்டாக இதைச் செய்யவில்லை என்பது செவியுள்ள எவருக்கும் விளங்கும். தாவீது கின்னரத்தையும் கைத்தாளத்தையும் கொண்டு துதித்தவன். மூப்பர்கள் கிட்டாரைப் பழிக்குமுன் அதை நினைக்கட்டும்.

அப்படியானால் குறை எங்கே? அந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

அக்குழுவினர் வெற்றிபெற்ற ஒரு பாடலால் பெயர்பெற்ற வாலிபர்கள். ஆக்சல்ராட் எழுதிய இசைக்குறிப்புகளுக்கு அவர்களால் ஈடுகொடுத்து முடிக்க முடியவில்லை. கனடாவின் ‘கலெக்டர்ஸ்’ என்ற வேறொரு குழுவும் கூலிக்கு வாசிக்கும் இசைக்கலைஞர்களும் வந்து வேலையை நிறைவேற்றினார்கள். உறையில் ஒரு பெயர், உள்ளே வேறு கரங்கள். அடுத்த தொகுப்பு யூதரின் பாவநிவாரண நாளுக்குரிய ‘கோல் நித்ரே’யைத் தழுவியது, அதற்குள் பழைய உறுப்பினர்கள் விலகிவிட்டிருந்தார்கள், பெயர் மட்டும் எஞ்சியிருந்தது. ஓராண்டில் ரோமச் சபையின் பூசை, அதே ஆண்டிலேயே யூதரின் ஜெபம்! எது விசுவாசம், எது சரக்கு என்று கேட்க எவருமில்லை. 1969-இல் ‘ஈஸி ரைடர்’ திரைப்படம் அந்தக் கிரியேயை எடுத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிள் பயணிகள் நியூ ஆர்லியன்ஸில் திரியும் பகுதியில் ஒலிக்கவிட்டது. கெஞ்சுதல் அங்கே வெறும் சூழலாயிற்று.

காலத்தையும் கவனியுங்கள். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்களின் மொழிக்குக் கதவைத் திறந்தது. பாமரரும் தாங்கள் சொல்வதை அறிந்து சொல்லட்டும் என்று பீடங்களே இலத்தீனை விட்டு இறங்கிவந்த அந்த ஆண்டுகளில்தான், ஒலிப்பதிவுக் கூடம் அதே இலத்தீனை எடுத்துக்கொண்டது. ஏன்? விளங்காததனாலேயே. விளங்காத சொல் மர்மமாய் ஒலிக்கிறது. மர்மம் நன்றாய் விற்கிறது. பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, அந்நிய பாஷையில் பதினாயிரம் வார்த்தைகளைவிடக் கருத்தோடு பேசும் ஐந்து வார்த்தைகளையே விரும்பினார். தரங்கம்பாடியில் சீகன்பால்க் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றப் பாடுபட்டதும் அந்த ஐந்து வார்த்தைகளுக்காகவே.

“ஐயா, இரைச்சலைக்கொண்டும் ஆவியானவர் பேசமாட்டாரா?” என்று வாலிபர் ஒருவர் கேட்டார். பேசுவார், பிலேயாமின் கழுதையைக்கொண்டும் பேசினாரே. அதற்காக நாம் கழுதையைப் பிரசங்க பீடத்தில் ஏற்றுவதில்லை. எரிகோ வழியோரத்தில் பர்திமேயு இரக்கம் கேட்டுக் கூப்பிட்டபோது அவனுக்குப் பின்னணி இசை இருந்ததா? சுற்றிலும் இருந்தவர்கள் அவனை அதட்டினார்கள். அவன் இன்னும் உரக்கக் கூப்பிட்டான். தனக்கு என்ன வேண்டும் என்று அறிந்தவனின் குரல் அது.

ஆனால் என் கோபத்தை அந்த அமெரிக்க வாலிபர்கள்மேல் மட்டும் இறக்கிவைப்பது எனக்கு வசதியான அநீதி. அவர்கள் விசுவாசிகள் என்று சொல்லிக்கொண்டு அதைப் பாடவில்லை. நாம் சொல்லிக்கொள்கிறோம். ஞாயிறுதோறும் ஆராதனைப் புத்தகத்தில் இரக்கம் கேட்கும் அந்த வரியைத் தெளிவான தமிழிலேயே வாசிக்கிறோம். வாசிக்கும்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறோம். நான் பார்த்திருக்கிறேன், பீடத்தில் நின்றுகொண்டே. சென்ற மாதத்தில் ஒருநாள் அதை வாசித்து முடித்தபின், வாசித்தேனா இல்லையா என்றே எனக்கு ஐயம் வந்தது. இலத்தீன் தெரியாத ராக் பாடகனுக்காவது சாக்கு உண்டு. தமிழறிந்த போதகனுக்கு என்ன சாக்கு?

ஆகையால் மறுத்தேன். பின்னணியில் ஓடும் ஜெபம் நம்மை ஜெபிப்பதிலிருந்து விடுவித்துவிடும் என்பதற்காக மறுத்தேன். அந்த விடுதலை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

வருகிற வெள்ளிக்கிழமை இரவு ஜெபம் ஏழு மணிக்கு. கிரியே தமிழில் மூன்று முறை, வாத்தியமின்றி, நின்றுகொண்டு. அதன்பின் வரும் கீர்த்தனைக்குக் கிட்டார் வாசிக்கும்படி, என்னைக் கேள்வி கேட்ட அதே தம்பியைக் கேட்டிருக்கிறேன். மூப்பர்களுக்கும் அறிவித்துவிட்டேன்.