விகன் ஊர்க்காரர்கள் எங்கே?

நிலக்கரிக்கும் பஞ்சாலைக்கும் பேர்போன ஊர் விகன். இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கிறது. நம்மில் பலருக்கு அது ஊரே இல்லை, ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய புத்தகத்தின் தலைப்பு மட்டும்தான். இதுதான் என் எரிச்சல்.

'தி ரோட் டு விகன் பியர்' (1937) நூலில் எல்லார் மனதிலும் தங்கிவிட்ட காட்சி ஒன்று உண்டு. அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாயை ஒரு இளம்பெண் குச்சியால் குத்திக்கொண்டிருக்கிறாள். ஊரைவிட்டுப் போகும் ரயிலில் இருந்து அவளைப் பார்த்ததாக எழுதுகிறார். ஆனால் 1936 பிப்ரவரி 15 நாட்குறிப்பில் ரயிலே கிடையாது! ஒரு சந்தில் நடந்துபோகிறார், அவள் நிமிர்கிறாள், இருவர் கண்ணும் சந்திக்கின்றன. புத்தகத்தில் அந்தச் சந்திப்பும் 'கிட்டத்தட்ட' ஆகிவிடுகிறது. எழுத்தாளனுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு என்பீர்கள். சரி. ஆனால் சந்தில் நிற்கிறவனிடம் "ஏன் ஒரு வார்த்தை பேசலை?" என்று கேட்கலாம். ரயிலில் போகிறவனிடம் கேட்க முடியாது.

ஆர்வெல் சுரங்கத்துக்குள் இறங்கியவர், வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவர். அவருடைய கோபம் நிஜம். அப்படிப்பட்டவரே இதைச் செய்கிறார் என்பதுதான் உறுத்துகிறது.

வந்தவர்களெல்லாம் தாங்கள் தேடி வந்ததைத்தான் பார்த்தார்கள். 1698ல் குதிரையில் வந்த சீலியா ஃபைன்ஸுக்கு இதே விகன் அழகான சந்தை ஊர், பக்கத்திலேயே எரியும் கிணறு ஒரு அதிசயம். விக்டோரியா காலத்தில் லண்டனிலிருந்து திரும்பத் திரும்ப வந்த ஆர்தர் மன்பிக்கோ, கால்சட்டை போட்டுச் சுரங்க வாசலில் கரி சலித்த பெண்கள்மேல்தான் கண். குறிப்பெடுத்தார், போட்டோ சேர்த்தார். அவை இல்லாவிட்டால் அந்தப் பெண்களின் முகமே நமக்குத் தெரிந்திருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்தப் பெண்கள் போட்டோவுக்கு நின்றதோடு முடிந்துவிடவில்லை. பெண்களுக்கு அந்த வேலையே கூடாது என்று சட்டம் போடப் பார்த்தபோது, 1887ல் அவர்களில் ஒரு குழு லண்டனுக்கே போய் உள்துறை அமைச்சரைப் பார்த்து, எங்க வேலை எங்களுக்கு வேணும் என்று வாதாடியது. தடை வரவில்லை. இதை யாராவது பதிவு போட்டு நான் பார்த்ததில்லை.

அந்த 'பியர்' கூட உள்ளூர் ஜோக். கடலே இல்லாத ஊரில், கால்வாய்ப் படகில் கரி கொட்டும் மேடையைக் கடற்கரை உல்லாச மேடை என்று சொல்லிச் சிரித்தார்கள். ஆர்வெல் போனபோது அதையும் இடித்தாயிற்று.

அடுத்த தடவை குழாய்ப் பெண்ணை ஸ்டேட்டஸில் போடுகிறவர்கள், தயவுசெய்து அந்த நாட்குறிப்புப் பக்கத்தையும் கூடவே போடுங்கள்.